மதிலுக்கு யார் படியளந்தது?

"டிக்கெட் எங்கே வாங்கணும்?" என்று கேட்டேன்.

"டிக்கெட்டே கிடையாதுப்பா, சும்மா ஏறுங்க" என்றாள் மகள்.

இங்கிலாந்தின் யார்க் நகரம். மிக்கிள்கேட் பார் என்று ஒரு கோட்டை வாசல். அந்த ஊரில் வாசலுக்குப் பெயர் 'பார்', தெருவுக்குப் பெயர் 'கேட்'. இந்தக் குழப்பம் தெளியவே எனக்கு அரை நாள் ஆனது. படியேறினால் நகரைச் சுற்றி ஏறக்குறைய 3.4 கிலோமீட்டர் மதில். பெரும்பகுதியில் மேலேயே நடந்து போகலாம். வெளிப்பக்கம் தடுப்புச் சுவர் இருக்கிறது. உள்பக்கம் பல இடங்களில் ஒன்றுமே இல்லை, கால் தவறினால் புல்சரிவில் உருள வேண்டியதுதான். சுண்ணாம்புக்கல், வெயில் பட்டால் வெண்ணெய் நிறம்.

எல்லோரும் தூரத்தில் தெரியும் பெரிய தேவாலயத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரிடத்தில் குனிந்து, பழைய கல்லும் புதுக் கல்லும் சேரும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மராமத்துக்கு எந்தத் தலைப்பில் பணம் எடுத்திருப்பார்கள்?

"நீங்க ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு" என்று மகள் நினைவுபடுத்தினாள்.

ஆகட்டும். 31 வருடம் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தவன் நான். சுவரைப் பார்த்தால் வவுச்சர் ஞாபகம்தான் வரும். லீட்ஸில் மகள் வீட்டில் தங்கியிருந்த மீதி ஐந்து வாரமும் இதையே தேடிப் படித்தேன். பேத்தி தூங்கும் நேரம் என் படிப்பு நேரம்.

கிடைத்த பதிலுக்கு ஒரு பெயர் உண்டு: முரேஜ். லத்தீனில் 'முருஸ்' என்றால் மதில். ஊர்க்காரர்கள் அரசரிடம் போய் மதில் கட்ட வேண்டும், இருக்கும் மதில் இடிகிறது என்று முறையிடுவார்கள். அரசர் ஒரு கடிதம் கொடுப்பார். உங்கள் ஊருக்குள் விற்பனைக்கு வரும் இன்னின்ன சரக்குக்கு இவ்வளவு காசு வாங்கிக்கொள்ளலாம். இத்தனை வருடத்துக்கு மட்டும். வசூலான காசு மதிலுக்கு மட்டும். அவ்வளவுதான். அரசரின் கஜானாவிலிருந்து ஒரு பென்னி வெளியே போகாது. ஆனால் அவர் பெயரில் மதில் எழும்பும். இப்படி ஓர் ஏற்பாட்டை யோசித்தவர் நிச்சயம் நிதித் துறைக்காரராகத்தான் இருந்திருப்பார்.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்றாம் ஹென்றி சிறுவனாக அரியணையில் இருந்தபோது, வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரூஸ்பரி நகரத்துக்குக் கிடைத்தது முதல் அனுமதிகளில் ஒன்று. யார்க்குக்கு 1226. சவுத்தாம்ப்டனுக்கு 1260. நியூகாசிலுக்கு 1265. அப்புறம் மதில் உள்ள ஊரெல்லாம் வரிசையில் நின்றது.

அந்தக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது கட்டணப் பட்டியல். நம் வாரச்சந்தை வாசலில் குத்தகைதாரர் மாட்டி வைத்திருப்பாரே ஒரு பலகை, ஆட்டுக்கு இவ்வளவு, கோழிக்கூடைக்கு இவ்வளவு என்று, அதே ஜாதி. ஆரம்ப காலத்துப் பட்டியல்கள் சின்னவை. சரக்கு ஏற்றிய வண்டி அதே மாவட்டத்து வண்டியென்றால் அரை பென்னி, வெளி மாவட்டத்து வண்டியென்றால் ஒரு பென்னி. குதிரைமேல் வரும் சுமைக்குக் கால் பென்னி. விற்க ஓட்டி வரும் மாட்டுக்கும் குதிரைக்கும் தனி. போகப் போகப் பட்டியல் நீண்டது. ஒயின் பீப்பாய், கம்பளி மூட்டை, பச்சைத்தோல், உப்பு, ஹெர்ரிங் மீன், சால்மன் மீன், தேன், ஈயம், இரும்பு. எந்தச் சரக்கு வரி கட்டாமல் நழுவுகிறது என்று வாசலில் நிற்பவன் பார்த்து எழுத்தரிடம் சொல்ல, அடுத்த அனுமதியில் அது சேர்ந்துவிடும். பட்டியலை வாசித்தால் அந்த ஊர்ச் சந்தையில் என்ன விற்றது என்பதே தெரிந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு நல்ல கொத்தனாரின் நாள்கூலி சுமார் 4 பென்னி. குதிரைச் சுமைக்குக் கால் பென்னி என்றால், 16 குதிரைச் சுமை வாசலைத் தாண்டினால்தான் ஒரு கொத்தனாரின் ஒரு நாள். இது கூலி மட்டும். கல் உடைப்பது, படகில் கொண்டுவருவது, சுண்ணாம்பு சுடுவது, சாரம், கயிறு, சித்தாள் எல்லாம் தனி. சந்தை இல்லாத நாளில் வாசலில் நிற்பவன் கூலியே தேறாது. மூன்று வருடத்துக்கு, ஐந்து வருடத்துக்கு என்று கொடுத்த அனுமதிகளை ஊர்கள் ஏன் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருந்தன என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கிவிடுகிறது. கவென்ட்ரி நகரத்தின் மதில் வேலை 1350-களில் தொடங்கி 1530-களில்தான் முடிந்தது. தாத்தா கட்டிய வாசலுக்குப் பேரன் மராமத்து பார்க்க, கொள்ளுப்பேரன் காலத்திலும் சுற்று முழுதாகச் சேரவில்லை.

இங்கே ஒரு விஷயம் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது. மதில் யாரைக் காக்கிறது? உள்ளே வீடும் கடையும் வைத்திருப்பவர்களை. அதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? வெளியூரிலிருந்து தோலும் தானியமும் கொண்டுவந்து விற்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிப் போகிறவர்கள். எதிரி வந்தால் அவன் வீடு மதிலுக்கு வெளியேதான் இருக்கும். உள்ளூர் வியாபாரி அவன் சரக்கை விலையில் கொஞ்சம் ஏற்றி வாங்கியிருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் முதலில் காசை எண்ணி வைத்தது வெளியூர்க்காரனின் கை.

இதிலும் பெரிய வியாபாரிகளுக்கு ஒரு வழி இருந்தது. பல நகரங்கள் அரசரிடமிருந்து சாசனம் வாங்கி வைத்திருந்தன: எங்கள் ஊர்க் குடியுரிமை பெற்றவர் நாட்டில் எங்கு போனாலும் சுங்கம் கட்ட வேண்டியதில்லை என்று. லண்டன்காரர்கள் இதில் கில்லாடிகள். அந்தச் 'சுங்க' விலக்கில் முரேஜும் அடங்குமா அடங்காதா என்று ஊருக்கு ஊர் வழக்கு. சாசனத்தை வாசலில் நீட்டத் தெரிந்தவன் தப்பித்தான். கூடையில் முட்டை கொண்டுவந்தவளிடம் சாசனம் ஏது?

இன்னொன்றும் உண்டு. மதில் இருப்பதால்தான் எல்லோரும் நாலைந்து வாசல் வழியாக வரவேண்டியிருக்கிறது. வாசல் வழியாக வருவதால்தான் வசூல் நடக்கிறது. மதில் இல்லாத ஊரில் சுங்கம் வசூலிக்கப் போனால் மாட்டு வண்டி வயல் வழியாகச் சுற்றிப் போய்விடும். முற்றுகை என்பது தலைமுறைக்கு ஒரு முறை வந்தால் அதிகம். சந்தை வாரா வாரம் வரும். வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அந்த மதில் ஊரின் கல்லாப்பெட்டியாகத்தான் நின்றிருக்கிறது என்பது என் எண்ணம். வரலாற்றுக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கல்லாப்பெட்டி என்றால் கை வைப்பவனும் இருப்பான். 1275-இல் முதலாம் எட்வர்டு வெஸ்ட்மின்ஸ்டரில் இயற்றிய சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மதில் கட்ட முரேஜ் பெற்ற ஊரார், அனுமதித்ததற்கு மாறாக வசூலித்தது நிரூபணமானால், அந்த அனுமதியை என்றென்றைக்கும் இழப்பார்கள், அபராதமும் உண்டு. சட்டத்தில் ஒரு குற்றத்துக்குத் தனியாகப் பிரிவு எழுதியிருந்தால் அந்தக் குற்றம் ஊரெல்லாம் நடக்கிறது என்று பொருள். இது என் அனுபவம். அடுத்த நூறு வருடத்தில், முரேஜ் கணக்கைச் சரிபார்க்க ஆள் அனுப்பிய அரச ஆணைகள் ஏராளம். படித்தபோது சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. குதிரையில் வந்து இறங்கி, வசூல் ஏடு எங்கே, செலவு ஏடு எங்கே, மீதிப் பணம் யார் கையில் என்று கேட்டிருப்பார்கள். பதிலும் எனக்குத் தெரியும்: "எழுத்தர் லீவில் இருக்கார் ஐயா."

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு சிறு நகராட்சி, பெயர் வேண்டாம், குடிநீர்த் தொட்டிக்கென்று வந்த பணத்தில் அலுவலகத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிவிட்டது. தணிக்கைத் தடை எழுதினேன். "சுவரும் பாதுகாப்புதானே சார்" என்றார்கள். தொட்டி கடைசிவரை வரவில்லை. சவுத்தாம்ப்டன் கதையைப் படித்தபோது எனக்கு அந்தத் தொட்டிதான் கண்முன் வந்தது.

சவுத்தாம்ப்டன் தென்கடற்கரைத் துறைமுகம். பிரான்சிலிருந்து ஒயின் வந்து இறங்கும், இங்கிலாந்தின் கம்பளி ஏறும். முரேஜ் அனுமதி 1260-இலேயே கிடைத்துவிட்டது என்று சொன்னேன். நிலப்பக்கம் மதில் வந்தது. கடற்பக்கம் வரவில்லை, வந்த இடத்திலும் பலமாக இல்லை. காரணம் எளிது. வியாபாரிகளின் வீடுகள் அந்தப் பக்கம்தான் இருந்தன. படகு வந்து நின்றால் நேராகத் தங்கள் கிட்டங்கிக்குச் சரக்கை இறக்கலாம். நடுவில் மதில் வந்தால் வாசலைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும், கூலி ஏறும். ஊர் நிர்வாகத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் அதே வியாபாரிகள்தான். ஆகவே பணம் வருடா வருடம் வசூலானது, கடற்பக்கம் திறந்தே கிடந்தது.

1338 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரார் தேவாலயத்தில் இருந்தபோது, பிரெஞ்சுக் கப்பல்களும் அவர்களோடு சேர்ந்த இத்தாலியின் ஜெனோவாக் கப்பல்களும் வந்து அந்தத் திறந்த பக்கமாகவே இறங்கின. கொள்ளை, கொலை, தீ. கிட்டங்கிகளில் அரசருக்குச் சொந்தமான கம்பளியும் ஒயினும் போயின. முதல் அனுமதி கிடைத்து அப்போது 78 வருடம். மூன்றாம் எட்வர்டு ஊர் நிர்வாகத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டார். ஊரில் இறந்தவர்களுக்காக வந்த கோபம் எவ்வளவு, கம்பளிக்காக வந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

அதற்கப்புறம்தான் மேற்குக் கரையில் மதில் எழுந்தது. அவசரத்தில், கையில் காசில்லாமல், அவர்கள் செய்த வேலையை நான் நேரில் போய்ப் பார்த்தேன். கடலைப் பார்த்து நின்ற வியாபாரிகளின் வீட்டுச் சுவர்களையே மதிலாக்கிவிட்டார்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கல் வைத்து அடைத்து, முன்னால் வரிசையாக வளைவுகளை எழுப்பி, மேலே நடைபாதை போட்டிருக்கிறார்கள். இன்றும் வளைவுக்குப் பின்னால் அடைத்த கதவின் வடிவம் தெரிகிறது. அந்த வாசல்தான் வேண்டும் என்று 78 வருடம் மதிலைத் தள்ளிப்போட்ட வீடுகள் அவை. நான் அங்கே அரை மணி நேரம் நின்றேன். மகள் காபி வாங்கப் போய்விட்டாள்.

1454-இல் அதே ஊர் ஒரு பட்டியல் தயாரித்தது. எந்த வீட்டுக்காரர் மதிலின் எந்தத் துண்டைப் பராமரிக்க வேண்டும் என்று வீடு வீடாக எழுதி வைத்த பட்டியல். சுங்கத்தை நம்பிப் பயனில்லை என்று பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

பழைய முறை என்றேன். முரேஜ் வருவதற்கு முன்னால் மதில் வேலை உடலுழைப்பாகத்தான் இருந்தது, நம் ஏரிகளுக்குக் குடிமராமத்து இருந்ததுபோல. ஆல்ஃபிரட் அரசரின் வம்சத்தார் காலத்தில் அரண் செய்த ஊர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்துக்கு 'ஹைட்' என்று பெயர். ஒரு ஹைடுக்கு ஓர் ஆள். பதினாறரை அடி மதிலுக்கு நாலு ஆள். வின்செஸ்டருக்கு 2,400 ஹைட் ஒதுக்கியிருந்தார்கள். கணக்குப் போட்டால் 9,900 அடி. மதிலின் உண்மையான சுற்றளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய மதிப்பீடு இப்படித் தட்டாமல் வருவதை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை.

1086-இல் அரசருக்காக நாட்டின் நிலபுலன்களை எழுதிய டூம்ஸ்டே கணக்கெடுப்பிலும் இது வருகிறது. செஸ்டரில் மதிலையும் பாலத்தையும் பழுது பார்க்க மாவட்டம் முழுவதும் ஹைடுக்கு ஓர் ஆள் வரவேண்டும். வராவிட்டால் அவனுடைய பண்ணையார் 40 ஷில்லிங் கட்டவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் 'மதில் வீடுகள்' என்றே ஒரு வகை. மற்ற வரி பெரும்பாலும் கிடையாது, ஆனால் மதிலில் பழுது என்றால் அவர்கள் பார்க்கவேண்டும். பார்க்கவில்லையென்றால் 40 ஷில்லிங், அல்லது வீடே போய்விடும்.

பணக்காரர் கொடுத்ததும் உண்டு. நாரிச் நகரத்து மதில் பல வருடம் இழுத்துக்கொண்டிருந்தபோது, ரிச்சர்டு ஸ்பிங்க் என்ற வியாபாரி 1343 வாக்கில் தன் காசைப் போட்டு முடித்துவைத்தார். மதில்மேல் வைக்க 30 பெரிய அம்பெறி பொறிகள் கொடுத்தார், ஆற்றின் குறுக்கே இழுத்துக் கட்டச் சங்கிலி கொடுத்தார். பதிலுக்கு அவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் ஊர் வரிகள் எல்லாவற்றிலிருந்தும் நிரந்தர விலக்கு. கொடையா முதலீடா என்று கேட்டால், என் பேனா இரண்டாவதைத்தான் வட்டமிடும்.

பறித்துக் கட்டியதும் உண்டு. 1215-இல் ஜான் அரசருக்கு எதிராகக் கிளம்பிய பிரபுக்கள் லண்டனுக்குள் நுழைந்ததும் யூதர்களின் வீடுகளை இடித்து அந்தக் கல்லில் மதிலையும் வாசல்களையும் சரிசெய்தார்கள். 1586-இல் லட்கேட் வாசலை இடித்துத் திரும்பக் கட்டியபோது ஹீப்ரு எழுத்து பொறித்த கல் ஒன்று உள்ளேயிருந்து வெளியே வந்தது. அப்போது யூதர்களை நாட்டைவிட்டே துரத்தி 296 வருடம் ஆகியிருந்தது. இந்த வரியை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடல் தாண்டினால் வேறு வேறு தந்திரங்கள். தெற்குப் பிரான்சின் ஊர்களில் ஒயின் விலையை ஏற்றாமல் அளவைச் சுருக்கினார்கள். குவளை சற்றுச் சிறியதாகும், குடிப்பவர் அதே காசு கொடுப்பார், மிச்சம் பிடித்த ஒயினின் விலை ஊர்க் கணக்குக்குப் போகும். இங்கிலாந்தோடு நடந்த நூறு வருடப் போரில் பிரெஞ்சு ஊர்கள் இப்படித்தான் மதிலைத் தேற்றின. பிஸ்கட் பாக்கெட் இளைத்துக்கொண்டே வரும் ரகசியம் ரொம்பப் பழசு போலிருக்கிறது. இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் இன்னும் நூதனம். உயில் எழுதுகிறவர்கள் நகர மதிலுக்கென்று ஒரு சிறு தொகை எழுதி வைக்கவேண்டும்.

யார்க்குக்குத் திரும்புகிறேன். அங்கே மதிலைப் பார்த்துக்கொள்ள ஆண்டுதோறும் ஆட்களை நியமித்து, கணக்கும் எழுதினார்கள். 1489-இல் ஏழாம் ஹென்றி போருக்காகப் போட்ட வரியை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் நகருக்குள் புகுந்து ஃபிஷர்கேட் வாசலைக் கொளுத்தியது. எரிந்த வாசலைச் செங்கல்லால் அடைத்தவர்கள் 1827-இல்தான் திரும்பத் திறந்தார்கள். வரிக் கோபத்தில் ஒரு வாசல் 338 வருடம் மூடிக் கிடந்தது.

வாசல் எரிந்த மறுவருடமே இன்னொரு வம்பு. மதிலின் ஒரு மூலையில் ரெட் டவர் என்ற கோபுரத்தைக் கல்லுக்குப் பதில் செங்கல்லில் கட்டினார்கள். செங்கல் மலிவு. கல் கொத்தர்களுக்கு ஆத்திரம், வேலை போகிறதே என்று. செங்கல் வேலைக்காரர்களின் கருவிகளை உடைத்தார்கள், மிரட்டினார்கள். 1491-இல் ஒரு செங்கல் வேலைக்காரர் கொலையானார். சந்தேகம் பெரிய தேவாலயத்தின் தலைமைக் கொத்தர்வரை போனது. மரங்களுக்கு நடுவே அந்தச் சிவப்புக் கோபுரம் குட்டையாக, அப்பாவியாக நிற்கிறது. செலவைக் குறைத்த எந்தத் தீர்மானத்துக்கும் எதிரில் ஒரு ஆள் இருப்பான் என்பதைக் கோப்பில் படித்திருக்கிறேன், இடத்தில் நின்று பார்த்தது அன்றுதான்.

பீரங்கி வந்து மதில் பயனற்றுப்போன பிறகும் செஸ்டரில் முரேஜ் வசூல் மட்டும் நிற்கவில்லை. மதில் அதிகாரிக்கு அங்கே 'முரெஞ்சர்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து வந்த லினன் துணிமீது வாங்கிய சுங்கத்தில் மதிலைச் செப்பனிட்டு, சீமான்களும் சீமாட்டிகளும் மாலையில் உலாத்தும் நடைபாதை ஆக்கினார்கள். யார்க்கில் நிர்வாகத்தார் வேறு முடிவுக்கு வந்தார்கள்: பராமரிக்கக் கட்டுப்படியாகாது, இடித்துவிடலாம். 1800-இல் அதற்கு முயற்சியே நடந்தது. வாசல்களுக்கு முன்னால் இருந்த முன்கோட்டைகளில் வால்ம்கேட் வாசலில் உள்ளது மட்டும்தான் தப்பியது. வில்லியம் எட்டி என்ற ஓவியர் உட்பட ஊர்க்காரர்கள் சண்டை போட்டு, சந்தா திரட்டி மதிலைக் காப்பாற்றினார்கள். இன்று நகர மன்றம் பராமரிக்கிறது. டிக்கெட் இல்லாததன் கணக்கு இதுதான்.

ஊர் திரும்புவதற்கு முந்தின வாரம் ஆக்ஸ்ஃபோர்டு போகலாம் என்று நான்தான் அடம்பிடித்தேன். அங்கே நியூ காலேஜ் என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் நியூ, தொடங்கியது 1379. நகர மதிலை ஒட்டிய இடத்தை வாங்கும்போது, நிறுவனரான விக்கமின் வில்லியம் என்ற பிஷப், தன் எல்லைக்குள் வரும் மதிலைக் கல்லூரியே பராமரிக்கும் என்று ஒப்புக்கொண்டார். பராமரிக்கிறார்களா என்று பார்க்க, மூன்று வருடத்துக்கு ஒரு முறை நகர மேயரும் மன்றத்தாரும் அந்த மதிலைச் சுற்றி நடந்து வருகிறார்கள். இன்றைக்கும். அறுநூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் கூட்டுத் தணிக்கை!

தோட்டத்தில் மதில் பளிச்சென்று இருந்தது. பூச்செடிகளுக்குப் பின்னால், ஒரு கல்கூடச் சரியாமல். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தேன். தடை எழுத ஒன்றுமில்லை.

உள்ளே வரும்போது வாசலில் பார்வையாளர் கட்டணம் வாங்கியிருந்தார்கள். வெளியே போகும்போது அந்த ஜன்னலில் நின்று ரசீது கேட்டேன். மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.